சூதாட்ட நகரில் மூன்று இரவுகள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மில் பலருக்கு, "எல்லாம் பார்த்தாச்சு, லாஸ் வேகாஸ் ஒண்ணுதான் பாக்கி" என்று யாராவது சொல்லும் நாள் ஒன்று வந்தே தீருகிறது. நயாகராவுக்குப் போவதென்றால் யாரும் யோசிப்பதில்லை. லாஸ் வேகாஸ் என்றதும் வீட்டில் ஒரு சின்ன மாநாடே கூடிவிடும். "சூதாடுற ஊர்ல நமக்கென்ன வேலை?" என்பார் ஒருவர். "ஆடினாத்தானே சூது? வேடிக்கை பார்த்துட்டு வரலாமே" என்பார் இன்னொருவர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இருக்கும் என் மகள் வீட்டில் சென்ற மார்ச் மாதம் இந்த மாநாடு மூன்று நாள் நடந்தது. காரணம் என் அக்கா. அவளுக்கு எழுபது வயது நிறைவதை ஒட்டித்தான் பயணமே. ஆனால் அக்காவோடு இரண்டு விஷயங்கள் கூடவே வரும். ஒன்று ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டாள். சிகரெட் புகை பட்டால் போதும், அன்று ராத்திரி உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

இன்னொன்று சீட்டுக்கட்டின் மேல் அவளுக்கு இருக்கும் வெறுப்பு. அத்தான் தங்கமான மனுஷர். ஆனால் சீட்டாட உட்கார்ந்துவிட்டால் பொழுது விடிவது தெரியாது. அக்காவின் எட்டுப் பவுன் வளையல் அந்த மேஜையில்தான் கரைந்தது. அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. இன்றும் குழந்தைகள் விளையாட்டுக்குச் சீட்டு எடுத்தால்கூட அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பின் எதற்கு அந்த ஊர் என்கிறீர்களா? அக்காவே கேட்டாள். இசைக்கு ஏற்ப ஆடும் நீரூற்றைப் பேத்தி ஏதோ படத்தில் காட்டியிருக்கிறாள். "அந்தத் தண்ணி ஆடுறதை மட்டும் ஒரு தரம் நேர்ல பார்க்கணும்டி" என்றாள். வாழ்க்கையில் எதையுமே கேட்டுப் பழகாதவள் கேட்டால் எப்படி மறுப்பது?

ஊரின் அமைப்பு

நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே இருக்கிறது லாஸ் வேகாஸ். 1931-ல் அந்த மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே வருஷம் பக்கத்தில் ஹூவர் அணை கட்டும் வேலையும் தொடங்கியது. ஊர் வளர்ந்த கதை இந்த இரண்டிலிருந்தும்தான் ஆரம்பம்.

நாம் படங்களில் பார்க்கும் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் 'ஸ்ட்ரிப்' என்னும் ஒரே சாலையின் இரு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. நீளம் சுமார் நாலு மைல். எதிர்ச்சாரி ஹோட்டல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். கிளம்பினால் நடை மேம்பாலம் ஏறி, இறங்கி, வளைந்து போய்ச் சேர அரை மணி ஆகும். கட்டிடங்கள் அத்தனை பெரிசு! பெல்லாஜியோ என்ற ஒரே ஹோட்டலில் ஏறக்குறைய நாலாயிரம் அறைகள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இந்த ஹோட்டல்களின் வயிறு எது தெரியுமா? சூதாட்டக் கூடம்தான். பெரும்பாலான இடங்களில் அறைச் சாவி வாங்கும் இடத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவே அதுதான் இருக்கும். காபி குடிக்கப் போனாலும், குழந்தையை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனாலும் அதைக் கடந்தாக வேண்டும். அதோடு, 2006-ல் வந்த நெவாடா சட்டம் பொதுக் கட்டிடங்கள் பலவற்றில் புகைப்பதைத் தடுத்தாலும், சூதாட்டக் கூடங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே அங்கே புகை உண்டு.

ஆக, எங்களுக்கு எந்த ஹோட்டல் அழகு என்பது பிரச்னையாக இல்லை. அக்கா மூச்சுத் திணறாமல் அறைக்குப் போய் வர எந்த ஹோட்டலில் வழி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மூன்று பெயர்கள்

அலுவலக வேலையாக இரண்டு தடவை போய் வந்தவள் என்பதால், மகள் மூன்று ஹோட்டல்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டாள்.

முதலாவது, 1998-ல் திறந்த பெல்லாஜியோ. அக்கா பார்க்க விரும்பிய நீரூற்று இதன் வாசலில் உள்ள ஏரியில்தான் இருக்கிறது. முன்கூடத்தின் கூரையில் டேல் சிஹூலி என்ற கலைஞர் செய்த இரண்டாயிரம் கண்ணாடிப் பூக்கள். உள்ளே ஒரு மலர்க் கூடம். வருஷத்துக்கு ஐந்து தடவை அலங்காரத்தை மாற்றுகிறார்கள். ஆனால் சூதாட்டக் கூடமும் நட்ட நடுவில்தான்.

இரண்டாவது, 1999-ல் திறந்த வெனிஷியன். இத்தாலியின் வெனிஸ் நகரத்தை அப்படியே பெயர்த்து வைத்தாற்போல் கால்வாயும், படகும், பாடிக்கொண்டே துடுப்புப் போடும் படகோட்டிகளும் உண்டு. கடைத்தெருவின் கூரையில் நீல வானமும் மேகமும் வரைந்திருக்கிறார்கள். நள்ளிரவிலும் அங்கே சாயங்காலம்தான்! சாதாரண அறையே பெரிய வீட்டுக் கூடம் அளவு இருக்கும். படுக்கைப் பகுதியிலிருந்து உட்காரும் பகுதிக்குச் சில படிகள் இறங்க வேண்டும். இளசுகளுக்கு அது அழகு. ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கும் முழங்கால் வலிக்காரிக்கு?

மூன்றாவது விடாரா. 2009-ல் திறந்தது, 57 மாடி. இங்கே சூதாட்டக் கூடம் கிடையாது. ஹோட்டல் முழுவதும் புகைக்கத் தடை. அறைக்குள்ளேயே குட்டிச் சமையல் மேடையும் மைக்ரோவேவும் குளிர்ப்பெட்டியும் உண்டு. பெல்லாஜியோவுக்குப் பக்கத்துக் கட்டிடம், நடந்தே போகலாம். சில அறைகளிலிருந்து நீரூற்றும் தெரியும்.

"போற ஊர் சூதாட்ட ஊர், தங்குறது சூது இல்லாத ஹோட்டல். இதென்ன கூத்து?" என்று சிரித்தார் மாப்பிள்ளை. ஆனால் அவரும் இதற்கே ஓட்டுப் போட்டார். ரசம் சாதத்துக்கு வழி இருக்கிறது என்பது அவருடைய காரணம்!

சூதாட்டக் கூடம் இல்லாத உயர்தர ஹோட்டல்கள் வேறு சிலவும் உண்டு. மாண்டலே பே கட்டிடத்தின் 35 முதல் 39 வரையான மாடிகளில் ஃபோர் சீஸன்ஸ் இருக்கிறது. அதற்குத் தனி வாசலே இருக்கிறது. வால்டார்ஃப் அஸ்டோரியாவின் வரவேற்புக் கூடம் 23-வது மாடியில். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிகிறவர்கள் இவற்றையும் விசாரிக்கலாம்.

நீரூற்றின் முன்னால்

பாலைவனச் சாலையில் நாலரை மணி நேரம் காரில் போய், இருட்டும் நேரத்தில் சேர்ந்தோம். பெட்டியை வைத்ததும் அக்கா ஜன்னலுக்குப் போய்விட்டாள். கீழே ஏரி கறுப்பாக அசையாமல் கிடந்தது. திடீரென்று வெள்ளைக் கொடிகள் போல நீர் எழும்பி, வளைந்து, சுழன்று, ஒரே வீச்சில் வானத்துக்குப் பாய்ந்தது பாருங்கள்! கண்ணாடிக்குப் பின்னால் எங்களுக்குப் பாட்டுக் கேட்கவில்லை. அக்கா தானே ஒரு தாளம் போட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் இரவு ஏரிக்கரைக்கே போனோம். இரவில் கால் மணிக்கு ஒரு தரம் ஆட்டம். டிக்கெட் கிடையாது. பல தேசத்து ஜனங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். அக்கா நாலு ஆட்டம் பார்த்தாள். கால் வலிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "வலிக்கட்டும்" என்றாள்.

அக்கா கேட்ட இன்னொன்று

மூன்றாம் நாள் காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மெதுவாக, "அந்த இடத்தை நான் பார்க்கணும்" என்றாள்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. மகள்தான், "பெரியம்மா, புகையா இருக்குமே" என்றாள். அப்புறம் அவளே வழியும் கண்டுபிடித்தாள். பார்க் எம்.ஜி.எம். என்ற ஹோட்டலில் 2020 முதல் சூதாட்டக் கூடத்திலும் புகைக்கத் தடை. பக்கத்திலிருந்தே அங்கே இலவச ரயில் ஒன்று ஓடுகிறது. இருபத்தொரு வயது ஆகாதவர்கள் சூதாட்டக் கூடத்தில் நிற்கக் கூடாது என்பதால், பேத்தியோடு மகள் அறையிலேயே இருந்துகொண்டாள். மாப்பிள்ளை, அக்கா, நான் மூவரும் போனோம்.

காலை ஒன்பது மணி. வெளியே பளீரென்று வெயில். உள்ளே போனால் நேரமே தெரியவில்லை. வரிசை வரிசையாக இயந்திரங்கள் மின்னிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு நிற்கின்றன.

எண் சக்கரத்தைக் காட்டி மாப்பிள்ளை விளக்கினார். "பெரியம்மா, இதுல மொத்தம் 38 எண். ஒரு எண்ணுல ஒரு டாலர் வெச்சு ஜெயிச்சா, வெச்ச டாலரோட 35 டாலர் தருவாங்க. நியாயமாத் தரணும்னா 37 தரணும். அந்த ரெண்டு டாலர்லதான் இந்தப் பளிங்கு, விளக்கு எல்லாம் நிக்குது."

அதாவது, நூறு டாலர் வைத்தால் சராசரியாக ஐந்து டாலருக்குச் சற்று மேல் அவர்களுக்குப் போய்விடும். ஒருத்தர் ஒரு நாள் ஜெயிக்கலாம். ஆடிக்கொண்டே இருந்தால் கணக்கு நேராகிவிடும்.

அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓர் இயந்திரத்தின் முன்னால் அவள் வயதே இருக்கும் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இடுப்புப் பட்டையிலிருந்து சுருள் கயிறு ஒன்று போய் அவளுடைய அட்டையை இயந்திரத்தோடு இணைத்திருந்தது. விரல் பொத்தானை அழுத்துகிறது. சக்கரங்கள் சுற்றுகின்றன, நிற்கின்றன. மறுபடி விரல் அழுத்துகிறது. ஜெயித்தபோது சிரிப்பில்லை, தோற்றபோது வருத்தமில்லை. அக்கா பத்து நிமிஷம் அசையாமல் நின்றாள்.

"அந்த அம்மா முகத்தைப் பாருடி" என்றாள் கடைசியில். "உங்க அத்தான் முகம் விடியற்காலைல இப்படித்தான் இருக்கும். பணத்தாசைன்னு நெனச்சு எத்தனை கத்தியிருப்பேன்! இது ஆசை இல்லைடி. மாட்டிக்கிட்ட முகம். அப்பவே தெரிஞ்சிருந்தா கத்தறதை விட்டுட்டு, கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்திருப்பேனோ என்னவோ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சூதாட்டப் பழக்கத்தை மருத்துவர்கள் இன்று ஒரு நோயாகவே கருதுகிறார்கள், அதற்கு ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு என்று படித்திருக்கிறேன். அன்று நம் ஊரில் யார் இதைச் சொன்னார்கள்? சண்டையும் அழுகையும்தான் தெரிந்த வைத்தியம்.

வெளியே வந்ததும் அக்கா வெயிலில் நின்று நன்றாக மூச்சு வாங்கினாள். "காபி குடிக்கலாமா?" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

வாசகிகளுக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. பதிவு செய்யுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "காரிலிருந்து இறங்கி அறைக்குப் போகச் சூதாட்டக் கூடத்தைத் தாண்ட வேண்டுமா?" ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் கட்டாயம் கேளுங்கள்.

2. அறை வாடகையோடு 'ரிசார்ட் ஃபீ' என்று தினமும் ஒரு தொகை சேரும். பெரிய ஹோட்டல்களில் ஒரு இரவுக்கு ஐம்பது டாலரை ஒட்டி வரும். 2025 மே முதல் இதையும் சேர்த்தே முதலில் விலை காட்ட வேண்டும் என்று சட்டம். வரி தனி. ஹோட்டல்களை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பாருங்கள்.

3. வெள்ளி, சனி இரவுகளில் விலை ஏறும். பெரிய மாநாடுகள் நடக்கும் நாட்களிலும் அப்படியே. ஞாயிறு முதல் வியாழன் வரை போனால், அதே அறை மிகவும் மலிவாகக் கிடைக்கலாம்.

4. சில ஹோட்டல்களில் அறைக் குளிர்ப்பெட்டியில் உள்ள பாட்டிலை நகர்த்தினாலே கணக்கில் ஏறிவிடும். குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

5. காற்று மிகவும் வறட்சி. உதடு வெடிக்கும், மூக்கு உலரும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். உதட்டுக்கு வெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொள்ளலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 40 டிகிரி செல்ஸியஸைத் தாண்டும். பெரியவர்களுக்கு மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்கள் உகந்தவை.

6. இன்ஹேலரையும் மாத்திரைகளையும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

7. காலுக்குப் பழகிய செருப்போ ஷூவோ போதும். புதிதாக வாங்கிப் போகாதீர்கள். நடை மேம்பாலங்களில் லிஃப்ட் உண்டு, தேடிப் பிடியுங்கள்.

8. அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண்களுக்குத் தினமும் இரண்டு, மூன்று டாலராவது தலையணை மேல் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ படுக்கை விரிப்புகளை மாற்றும் கைகள் அவை. கடைசி நாள் மட்டும் மொத்தமாக வைத்தால், முதல் நாள் வந்தவளுக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஊர் என்னவோ பணத்தைக் கரைப்பதற்கென்றே கட்டியதுதான். ஆனாலும் நீரூற்றுக்கும், மலர்க் கூடத்துக்கும், வெனிஷியனின் வர்ண வானத்துக்கும் காசு கேட்பதில்லை. உடம்புக்கு ஒத்த அறையாகப் பார்த்துப் பிடித்துவிட்டால், வீட்டுப் பெரியவர்களைத் தைரியமாக அழைத்துப் போகலாம்.