ஓரத்தில் நின்றவர்கள்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் இராஜகோபுரம் 108 அடி உயரம். இணையத்தில் கட்டுரையின் தலைப்பில் வைக்கிற படமோ பதினாறுக்கு ஒன்பது. அகலம் கூடியது, உயரம் ஒடுங்கியது. மாசி மகத் தேர்த்திருவிழாவைப் பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம் இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வேன். கலசம் தெரிய வைத்தால் வாசல் போய்விடும். வாசலைக் காப்பாற்றினால் கோபுரம் பாதியில் நின்றுவிடும். பஞ்சரதங்கள் வரிசையாக வருகிற படம் கிடைத்தால் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் கீழே வடம் பிடிக்கிறவர்களின் கால்கள் வெட்டுப்படும். ரத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு தேர் இழுக்கிறவர்களின் கால்கள் அவை. அவற்றை வெட்ட எனக்கு மனம் வருவதேயில்லை.

மலையகம் பற்றிய கட்டுரைகள் வெளியாகிற ஒரு தளத்துக்குப் படங்களைச் சரிசெய்து ஏற்றிக் கொடுப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. சாய்ந்த படத்தை நிமிர்த்துவது, வேண்டாத ஓரத்தை வெட்டுவது, அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைப்பது, கோப்புக்குப் பெயர் வைப்பது, படக்குறிப்பு எழுதுவது, ஏற்றுவது. தோட்டத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் வாசிக்கிற பிள்ளைக்கும் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும், அதனால் படத்தின் எடையைக் குறைத்தே ஆக வேண்டும். கட்டுரைப் பட்டியலுக்கு மென்பொருள் தானாகவே நடுவிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுக்கும். நிற்கிறவர்களின் தலை எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அதையும் கையால் திருத்த வேண்டும். இப்படி ஓரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை என்பதாலோ என்னவோ, ஒரு படத்தைத் திறந்தால் அதிலிருந்து பழைய மாத்தளைக்குள் போய்விடுகிறேன். திரும்பி வர நேரமாகிறது.

படம் வெட்டுவதை முதலில் பார்த்தது எங்கள் தெருவில் இருந்த பத்திரிகை நிருபர் வீட்டில். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் மாத்தளைச் செய்தி எழுதுவார். பள்ளிக்கூடப் பரிசளிப்பு, தொழிற்சங்கக் கூட்டம், கோயில் கும்பாபிஷேகம் என்று எதுவானாலும் ஸ்டூடியோவிலிருந்து கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்று வாங்கி வருவார். மேசை விளக்கின் கீழ் அதை வைத்து, பின்பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போடுவார். இங்கிருந்து இதுவரை, இரண்டு கொலம். கொழும்பில் அந்தக் கோட்டின்படி நாகத் தகட்டில் புள்ளி புள்ளியாக பிளாக் செய்து, மரக்கட்டையில் அறைந்து, எழுத்துகளோடு சேர்த்து அச்சில் பூட்டுவார்கள் என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். தகட்டுக்குச் சதுர அங்குலக் கணக்கில் காசு. அதனால் படத்தில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கவரை ஒட்டி என் கையில் தருவார். நான் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். 1880இல் கோப்பிக்காகப் போட்ட ரயில் பாதை மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. வண்டி அங்கே கண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

பத்திரிகை வந்த பிறகுதான் அந்தப் பென்சில் கோட்டின் அர்த்தம் விளங்கும். கூட்டத்துக்கு வந்த தோட்டத்து ஆட்கள் டீக்கடையில் தாளை விரித்துத் தேடுவார்கள். நடுவில் மாலை போட்ட தலைவர் இருப்பார், பக்கத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். "நான் அந்தக் கடைசீல நின்னேனே தம்பி, என்னயக் காணோமே" என்று ஒரு கங்காணித் தாத்தா என்னிடம் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. ஏதோ நான்தான் வெட்டியதைப் போல அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

ஸ்டூடியோக்காரர் வேறு மாதிரி வெட்டுவார். அவருடைய கடைக்குள் நுழைந்ததுமே ஹைப்போவின் புளித்த வாடை. சுவரில் நீர்வீழ்ச்சியும் அன்னமும் வரைந்த திரை; ஆணியில் யாரும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கறுப்புக் கோட்டு; கண்ணாடிக்குக் கீழே சீப்பும் குட்டிகூரா பவுடர் டின்னும். பல் வைத்த வெட்டுக் கருவியில் பிரதியைக் கொடுத்து அழுத்தினால் நாலு ஓரமும் அலை அலையாக வரும். வலது மூலையில் கடையின் பெயரை முத்திரையாக அழுத்துவார். விரலால் தடவினால் எழுத்து புடைத்துத் தெரியும். நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஒரு காகித உறையில், உறைமேல் ஒரு இலக்கம், இலக்கத்துக்கு எதிரே பெயர் எழுதிய தடித்த கொப்பி. மாத்தளை நகரமும் சுற்றியிருந்த தோட்டங்களும் முகம் முகமாக அந்தக் கொப்பிக்குள் இருந்தன.

அவருக்கு ஓய்வே இல்லாத காலம் ஒன்று வந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். எழுபதுகளில் பஞ்சமும் வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு மாத்தளைப் பக்கத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எத்தனையோவற்றில் வேலையும் இல்லை, இருக்க விடவும் இல்லை. இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுக்கத் தயங்கியவர்களும் அப்போது எழுதிக் கொடுத்தார்கள். அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாகக் கமராவுக்கு முன்னால் நின்ற படங்கள் அவை. கன்னம் ஒட்டி, கண் அகன்று, பொத்தானைக் கழுத்துவரை போட்டு நிற்பார்கள்.

என் பெரியப்பா குடும்பமும் போனது. நகரத்துக்கு எல்லாரும் வந்துபோக பஸ் காசு கட்டாது என்று ஸ்டூடியோக்காரரையே கந்தேநுவரப் பக்கம் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். லயத்துச் சுவர் கரி பிடித்தது. அதனால் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொன்னார். முன்னால் பெரியப்பா, பெரியம்மா, அக்கா, தம்பிமார் இருவர். கந்தோருக்குக் கொடுத்த பிரதியில் இவர்கள் மட்டுமே. சுற்றிவர வெட்டி எடுத்திருந்தார். வெட்டாத பிரதி ஒன்று எப்படியோ எங்கள் அம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அதில் விரிப்பின் இடது விளிம்பை நாலு விரல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல், ஒன்றில் விரிசலை மறைக்க நூல் சுற்றியிருக்கிறது. வலது விளிம்பில் ஒரு பாதித் தோளும் கொண்டையின் ஒரு பக்கமும்.

"இந்தக் கை நான்தான். துணி ஆடக்கூடாதுன்னு போட்டோக்காரரு சத்தம் போட்டாரு" என்று அம்மா சொல்வார். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். வலது பக்கத்துத் தோள் யாருடையது என்று அவருக்கும் மறந்துபோயிருந்தது. வெகு காலம் கழித்துக் கூடலூரிலிருந்து அக்கா போனில் பேசியபோது கேட்டேன். "பக்கத்துக் காம்பரா அத்தைடா அது. கோச்சி ஏறுற அன்னிக்கு எனக்குச் சோறு கட்டிக் குடுத்துச்சே" என்றார். ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் ஆட்கள் சொன்ன அந்த வண்டியில் தலைமன்னாருக்குப் போய், இராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்புகிறவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு அங்கே 1968இல் தேயிலை போடத் தொடங்கியிருந்தது. பின்னால் அதுதான் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அக்கா அங்கேதான் கொழுந்தெடுத்து ஓய்ந்தார்.

ஒப்பந்தத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு இந்தப் படத்தைக் கொடுத்தேன். விரல்கள் கண்ணை உறுத்துகின்றன, வெட்டிவிடலாமே என்று ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். போனவர்களுக்குக் கந்தோரில் ஒரு பைல் இருந்தது. இங்கேயே இருந்தவர்களுக்கு அன்றைய தேதியில் எந்தத் தாளும் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்துக்கொண்டதன் மிச்சத்தோடு அவர்கள் அந்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அங்கே இருந்ததற்கு என் கையில் இருக்கிற சாட்சி அந்த நாலு விரலும் பாதித் தோளும்தான். படம் முழுதாகவே போனது.

ஓரத்தில் நிற்பது எங்களுக்கு வழிவழியாக வந்தது. 1870-71இல் ஜோசப் லோட்டன் என்ற புகைப்படக்காரர் தொல்லியல் குழுவுக்காக அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் எங்கள் மாவட்டத்துச் சிகிரியாவையும் படம் எடுத்தார். அவருடைய படங்களில் தூணருகிலும் கல்லருகிலும் உள்ளூர் ஆட்கள் நிற்கிறார்கள், கல்லின் உயரம் தெரிவதற்காக. இங்கிலாந்தில் பெரும் புலவர்களையும் அறிஞர்களையும் பெயர் பெயராகப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். இங்கே அவர் எடுத்த முகங்களில் தோட்டத் தமிழர்களும் உண்டு. எவ்வளவு அழகான படங்கள்! பல தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். களுத்துறைக் குடியானவர்கள் என்பதுபோன்ற தலைப்புகளோடு அவை நின்றுவிடுகின்றன, ஆளுக்குப் பெயரில்லை. முகம் நடுவிலே இருந்தும் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது.

அதற்கும் முந்திய காலத்துக்குப் படம் என்ற பேச்சே இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த முதல் கோப்பித் தோட்டத் தொழிலாளர் கூட்டங்கள் 1820களில் தொடங்குகின்றன. கமரா உலகத்துக்கு வந்ததோ 1839இல். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்தவர்களின் முகத்தை எந்தத் தகடும் வாங்கிக்கொள்ளவில்லை. 2023இல், அவர்கள் வந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். ஜூலை 28இல் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்களில் என் கைபேசி ஓயவேயில்லை. ஒவ்வொரு ஊர் எல்லையிலிருந்தும் படங்கள். எதை வெட்ட, எதை விட? எல்லாவற்றையும் முழுதாக இறக்கி வைத்துக்கொண்டேன்.

அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை. 1983 ஜூலை இனக்கலவரத்தில் மாத்தளைக் கடைத்தெரு எரிந்தபோது அதுவும் எரிந்தது. உறைகளும் இலக்கங்களும் கொப்பியும் எதுவும் மிஞ்சவில்லை. ஸ்டூடியோக்காரர் பிறகு கமராவைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு பிரதி கிடைத்தால் அதுவே மூலம், திரும்பப் போட நெகட்டிவ் கிடையாது. இதனால்தான் பழைய படத்தை வெட்டுவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். மூலையில் புடைத்த முத்திரையை வெட்டினால் எந்த ஊர் என்பது போய்விடும். தொண்ணூறுகளின் கலர்ப் படங்களில் கீழ் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் தேதி எரியும். அழகில்லை என்று அதை வெட்டினால் வருடம் போய்விடும். பின்பக்கத்தில் "தைப்பொங்கலுக்கு எடுத்தது, மாமாவுக்கு" என்று நீல மையில் இருந்தால் அதையும் தனியாக ஸ்கேன் செய்கிறேன்.

வெட்டிய படம் கட்டுரைக்கு, வெட்டாத படம் சேமிப்புக்கு என்று இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற திட்டம் யாழ்ப்பாணத்துப் புத்தகங்களோடு மலையகத்து ஏடுகளையும் இணையத்தில் சேர்த்துக்கொண்டு வருகிறது. படங்களையும் சேர்த்து வைக்கிற ஆவணகம் என்ற தளமும் அவர்களிடம் உண்டு. விக்கிமீடியா பொதுவகத்தில் ஒரு படத்தை வெட்டி அதன்மேலேயே ஏற்றினாலும் பழைய பதிப்பு கோப்பின் வரலாற்றில் அப்படியே நிற்கும். யாராவது ஒருநாள் ஓரத்தைத் தேடி வந்தால் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் நிருபரின் பென்சில் கோட்டுக்கு அப்பால் நின்ற அந்தத் தாத்தாவுக்கு இப்படி ஒரு வசதி இருக்கவில்லை.

படம் அனுப்புகிறவர்களிடம் இரண்டே இரண்டு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்புங்கள். அனுப்பும் முன் நீங்கள் வெட்டாதீர்கள், சட்டத்துக்குள் இருந்தால் கழற்றி நாலு ஓரமும் தெரிய எடுங்கள். போன மாதம் எல்கடுவைப் பக்கத்திலிருந்து அப்படி ஒன்று வந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத் துரைக்கு மாலை போடுகிற படம். துரை நடுவில்; இடது ஓரத்தில் கூடையோடு ஆறு பெண்கள், கடைசிப் பெண்ணுக்கு முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. இரண்டாவதாக நிற்பவரை நாவுலவில் இருக்கிற அவருடைய பேரன் சொல்லிவிட்டார். மற்ற ஐந்து பேருக்காகப் படத்தைக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் அனுப்பியிருக்கிறேன். பெயர்கள் வந்ததும் படக்குறிப்பில் சேர்த்துக் கட்டுரையை ஏற்ற வேண்டும்.