பாட்டியின் வாளித் தோட்டம்

எங்கள் வீட்டில் எலி விஷயத்தில் மூன்று கட்சிகள் உண்டு. அப்பா மருந்துக் கட்சி. அம்மா பூனைக் கட்சி. பாட்டி தனிக்கட்சி. அந்தக் கட்சியில் நானும் உறுப்பினராகச் சேர்ந்த கதையைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

ஜொகூர், கூலாயில் ஒரு தாமானில் எங்கள் வீடு. முன்னால் கார் நிறுத்த சிமெண்டுத் தரை. பின்னால் துணி காயப் போடும் இடம், அதையொட்டி லோங்காங். மண் என்று சொல்ல ஒரு பிடி கூடக் கிடையாது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோது, பாட்டி பழைய சாய வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு வெண்டை விதை ஊன்றினார். பிறகு கத்தரி, தக்காளி, மிளகாய், கீரை என்று பதினெட்டு வாளிகள் ஆயின. லயத்து வீட்டை விட்டு வந்த பிறகு பாட்டி அவ்வளவு கலகலப்பாகப் பேசி நான் பார்த்ததில்லை.

எலி சும்மா இருக்குமா? ஊன்றிய விதையை இரவோடு இரவாகத் தோண்டித் தின்றது. பழுத்த தக்காளியில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை நமக்கு வைத்தது. இதற்கிடையில் அக்கா மகன் தவழத் தொடங்கினான். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும் வயது. எலிச் சிறுநீரால் பரவும் நோயை, 'கென்சிங் தீக்குஸ்' என்று எல்லாரும் அஞ்சும் அந்த லெப்டோஸ்பைரோசிஸை, 2010 முதல் நம் நாட்டில் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: ஒன்று மருந்து வைப்போம், இல்லையென்றால் வாளிகளை எல்லாம் தூக்கிப் போடுவோம்.

"மருந்து மட்டும் வேணாம்யா. அதக் கையால அள்ளி வச்சு வயித்தக் கழுவுனவ நானு. இந்த வாசலுக்குள்ள அது வரக்கூடாது" என்றார் பாட்டி.

பாட்டி செம்பனைத் தோட்டத்தில் மருந்து வைக்கும் கூட்டத்தில் இருந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சோளமும் மெழுகும் கலந்த சிறு கட்டிகள். மரத்துக்கு ஒன்று. நாலைந்து நாள் கழித்து அதே நிரையில் திரும்பப் போய், தின்ற இடத்தில் புதிது வைக்க வேண்டும். தின்றது நூற்றுக்கு இருபதுக்குக் கீழே குறையும்வரை இந்த நடை ஓயாது. வார்ஃபரின் என்ற அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரிந்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து சாகும். அப்படித் தள்ளாடியதைப் பிடித்துத் தின்றுதான் தன் நாய் செத்தது என்பது பாட்டியின் முடிவு. அதன் பெயரைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் மாறுகிறது.

இடைநிலைப் பள்ளியில் 'கவாலான் பியோலோகி' என்று மனனம் செய்த பாடம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலியைக் கட்டுப்படுத்த ஆந்தை வளர்ப்பது. தேர்வில் இரண்டு புள்ளி கிடைக்கும். அதைச் சொன்னதும் பாட்டி சிரித்தார். "ஆந்தப் பொட்டியா? எங்க நிரையிலயே நட்டு வச்சிருந்தான்."

வெள்ளை முகம் கொண்ட கூகைதான் அது. செம்பனைத் தோட்டத்தில் கூகை கூடு கட்டியதற்கான மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, 1960களின் இறுதியில் எங்கள் கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கிடைத்ததாம்! ஓர் இணை தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பார்கள். கூகை அலறினால் சாவு வரும் என்று பயந்த நம் மக்கள், பின்னாளில் அதே பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள். ஆனால் வார்ஃபரினுக்கு அசராத எலிகள் பெருகி, 1980களில் பிரோடிஃபாக்கூம் போன்ற வீரியம் கூடிய மருந்துகள் வந்தபோது, மருந்துண்ட எலியைத் தின்ற கூகைகளும் குறைந்துபோயின. பாட்டிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. பெட்டி காலியானது மட்டும் தெரியும்.

தாமானில் ஆந்தைப் பெட்டி நட முடியாது. வேறு வழி பார்த்தோம். முதலில் திருடன் யாரென்று கண்டுபிடித்தோம். காலையில் பளபளப்பான கோடு தெரிந்தால் அது நத்தை. மிளகாயைக் கொத்துவது குருவி. காயில் இரட்டைப் பல் தடம் இருந்தால்தான் எலி. பாவம், பாதிக் குற்றம் நத்தையுடையது. டார்ச் லைட்டோடு போய் இரவில் பொறுக்கினோம்.

கோழி வலை வாங்கி வந்த அப்பாவைப் பாட்டி திருப்பி அனுப்பினார். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் சந்து போதும். கோழி வலை அதற்குத் திறந்த வாசல். கண் சிறிதான இரும்பு வலையில் கூடு செய்து விதை வாளிகளை மூடினோம். எலி சுவரோரமாகவே ஓடும் என்பதால் வாளிகளைச் சுவரிலிருந்து தள்ளி இரும்பு ராக்கில் ஏற்றினோம். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டோம். என்னைக் கேட்டால் பாதி எலி குறைந்தது அந்த மூடியால்தான். கீரையை ஓடும் நீரில் நன்றாக அலசுவதும் கையுறை போட்டு மண்ணைத் தொடுவதும் அம்மா போட்ட சட்டம். அம்மாவின் பூனையோ கார் கூரையில் தூங்கியதோடு சரி.

கூண்டுப்பொறி வைத்ததில்தான் பாட்டியின் அனுபவம் தெரிந்தது. எலி புதுப்பொருளைக் கண்டால் சில நாள் அண்டாது. அதனால் கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, மூன்று இரவு சும்மா தீனி போட்டார். நான்காம் இரவுதான் பொறியைப் பூட்டினார். ஒரு வாரத்தில் ஐந்து. பிடித்ததை அப்பா என்ன செய்தார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மருந்தில்லாத வழி என்றால் இரத்தமில்லாத வழி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இந்த முறை ஊன்றிய பதினாறு வெண்டை விதையில் பதினான்கு முளைத்து நிற்கின்றன. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி போன வாரம் எங்கள் பொறியை இரவல் கேட்டு வந்தார். என்ன தீனி வைப்பது, விலை கூடின கருவாடு வேண்டுமா என்று கேட்டார். பாட்டி தமக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக் கொடுத்தார்: "இக்கான் பிலிஸ் புன் போலே. பாக்கார் டூலு."