வட்டத்துக்குள் யார் வீடு?

"ஐயா, வீட்டைத் துளைத்துக்கொண்டு வண்டி போகிறது, பாருங்கள்!"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொண்டுவந்து காட்டிய படம் அது. சீனத்துச் சோங்கிங் நகரில் லீசிபா என்னும் நிலையம். பத்தொன்பது மாடிக் கட்டடம். அதன் வயிற்றில் நுழைந்து மறுபுறம் வெளியேறுகிறது வண்டி! வகுப்பு வாய் பிளந்தது. நானும் பிளந்தேன். அதோடு விட்டேனா? "எழுந்து நின்ற கட்டடத்தைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள், எத்தகைய ஆற்றல்!" என்று முழங்கியும் விட்டேன். ஏன், எப்படி என்று கேள் எனக் கூட்டந்தோறும் பேசுபவன் நான். கேட்கவேண்டிய இடத்தில் கேட்க மறந்தேன்.

அன்றிரவு படித்துப் பார்த்தபோது என் முழக்கம் பொய்யென்று தெரிந்தது. குடையவில்லை, தோழர்களே! ஆற்றோரம் செங்குத்தான மலைச்சரிவு, இடமோ குறுகியது. ஆகவே, பாதைக்கும் வீட்டுக்கும் ஒரே காலத்தில் திட்டம் தீட்டினார்கள். ஆறாம் மாடி முதல் எட்டாம் மாடி வரை நிலையம்; மேலே குடியிருப்பு; அதிர்வு வீட்டைத் தாக்காதிருக்க, பாதையைத் தாங்கும் தூண்கள் தனியே. 2005-ஆம் ஆண்டு அந்தத் தடம் முறைப்படி திறக்கப்பட்டது. மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் வரைந்தேன்.

புள்ளி, நிலையம். வட்டம், அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவு. சுமார் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வட்டத்துக்குள் வீடுகளையும் கடைகளையும் அலுவலகங்களையும் பள்ளியையும் நெருக்கி அமைத்தால், மக்கள் நடந்துவந்து வண்டி ஏறுவர். வண்டியும் வெறுமனே ஓடாது. இதுதான் நிலையத்தை நடுவாக வைத்து நகர் அமைக்கும் முறை. ஆனால் புள்ளி விழுந்ததுமே வட்டத்துக்குள் நிலத்தின் விலை ஏறுகிறதே, அதை ஏற்றியவர் யார்? நிலத்துக்கு உரியவர் வேர்வை சிந்தினாரா? இல்லை. ஊர்ப் பணத்தில் போட்ட பாதையல்லவா ஏற்றியது!

இதற்கு ஆங்காங் ஒரு வழி கண்டது. 1979-இல் மெட்ரோ வண்டி ஓடத் தொடங்கிய நகர் அது. பாதை வருமுன் இருந்த மதிப்பைக் கணக்கிட்டு, நிலையத்தைச் சார்ந்த நிலத்தில் கட்டும் உரிமையை அரசு இரயில் நிறுவனத்துக்கு வழங்கும். நிறுவனம் கட்டுநர்களுடன் கூடிக் கட்டடம் எழுப்பும். ஏறிய மதிப்பில் கிடைக்கும் ஆதாயம் பாதைச் செலவுக்குத் திரும்பும். சீனப் பெருநிலத்திலோ நகர நிலம் அரசுடையது; விற்பனைக்கு வருவது பயன்படுத்தும் உரிமை மட்டுமே, வீட்டுக்கென்றால் எழுபது ஆண்டுகளுக்கு. அவ்வுரிமையை முதன்முதல் பொது ஏலத்தில் விட்டது சென்சென் நகர், 1987-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். வாணிக நிலமும் வீட்டு நிலமும் பொதுப் போட்டியில்தான் போகவேண்டும் என 2002-இல் விதி வந்தது. அதனால் ஆங்காங் முறையை அப்படியே எடுத்தாள முடியவில்லை. சென்சென் நகராட்சி, நிலத்தையே மூலதனமாகத் தன் மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இன்று அங்கே வண்டிகள் உறங்கும் பணிமனைகளுக்கு மேலே மனிதர் உறங்கும் மாடங்கள் நிற்கின்றன.

சறுக்கல்களும் உண்டு. சோங்கிங்கில் சாவோசியாவான் நிலையத்தின் வாயில், ஆளுயரப் புதருக்கு நடுவே நின்ற படம் 2017-இல் உலகைச் சுற்றியது. நிலையம் முந்தியது, ஊர் பிந்தியது. சாலையும் பின்னர் வந்தது, அது போகட்டும். எனக்கு உறுத்துவது மதில். பெருவளாகம் கட்டி மதில் எழுப்புவது அந்நாட்டு நகரங்களின் நெடுநாள் பழக்கம். பறவைக்கு இருநூறு மீட்டரில் நிலையம். மனிதனோ மதிலைச் சுற்றி வரவேண்டும்! இனி மூடிய வளாகங்கள் பொதுவாகக் கூடாதென 2016-இல் நடுவண் அரசே வழிகாட்டியது. உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எங்கே மதிலுக்குள் இருப்பவர் மகிழ்ந்து மதிலை இடித்திருக்கிறார்கள்?

இவ்வளவும் வியந்துகொண்டே படித்தேன். பைசிசோ என்னும் பெயரில் வந்து நின்றேன்.

அதுவும் சென்சென்தான். நகரம் விழுங்கிய பழைய ஊர். கைநீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடலாம்; அவ்வளவு நெருக்கம். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். பெரும்பாலோர் வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்து, வாடகைக்குக் குடியிருந்தவர்கள். 2009-இல் அங்கே நிலையம் திறந்தது. நெருங்கி வாழ்ந்தார்கள், நடந்தே வண்டி ஏறினார்கள். திட்டப் புத்தகம் எதை விரும்புகிறதோ, அதை எந்தத் திட்டமும் இல்லாமலே வாழ்ந்து காட்டியவர்கள்! 2019-இல் வெளியேறச் சொன்னார்கள். வீட்டுக்கு உரியவர்களுக்கு இழப்பீடு. வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஏறிய மதிப்பில் ஒரு காசும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் படித்ததோ அருகிலிருந்த பள்ளிகளில். பருவத்தின் நடுவே எங்கே போவது? புது இடத்தில் பள்ளி கிடைக்குமா? பெற்றோர் கெஞ்சியும் முறையிட்டும் பார்த்தனர். குடியிருப்புகள் வெறுமையாயின, பிறகு வானளாவும் மாடங்கள் எழலாயின. பொதுப்பணம் ஏற்றிய விலை பொதுவுக்கே திரும்பட்டும் என்று பலகையில் எழுதியவன் நான். அந்தப் 'பொது'வில் வாடகைக்காரன் இல்லையென்றால், அது என்ன பொது?

இதை வகுப்பில் சொல்ல அஞ்சினேன். என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் ஓர் இடம் அப்போது காலியாக இருந்தது. வாடகை கட்டுப்படாமல் குடும்பம் ஊர் மாறிவிட, வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரை என் கையால்தான் அடித்தேன். ஆனாலும் சொன்னேன். படம் காட்டிய மாணவன் எழுந்து, "வட்டத்துக்குள் இருந்தவர்கள் இப்போது எங்கே, ஐயா?" என்றான். "வெளியே" என்றேன். வேறு சொல் வரவில்லை.

வீட்டுப்பாடமாக ஆளுக்கொரு வட்டம் வரைந்துவரச் சொன்னேன். பலரும் வானுயர் மாளிகை வரைந்தார்கள். அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் அமர்பவள், நிலையத்தின் வாயிலை ஒட்டி ஒரு சிறு வீடு வரைந்து, 'நிலையம் பெருக்கும் அம்மாவின் வீடு' என்று எழுதியிருந்தாள். கீழே 'வாடகை' என்று போட்டு, தொகைக்கு இடம் விட்டிருந்தாள்.