மடியில் இருக்கும் அமானிதம்

வறுமையைப் போக்குவதற்காக ஒரு குடும்பத்துக்கு அளிக்கப்படும் உதவி, அவ்வீட்டிலுள்ள கைக்குழந்தையை எவ்வாறு சென்றடைகிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. 'வீட்டுக்குக் கொடுத்தால் பிள்ளைக்குக் கொடுத்ததுதானே' என்று எண்ணி விடுகிறோம். அது பெரும்பாலும் உண்மை. ஆனால் முழு உண்மையன்று.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பால்குடி மறந்த குழந்தைகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. மதீனாவின் புறத்தே வணிகக் கூட்டமொன்று தங்கியிருந்த இரவில் காவல் புரிந்த கலீபா, ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். விசாரித்தபோது, உதவித்தொகை விரைவில் கிடைக்க வேண்டுமென்பதற்காகச் சில மாதங்களே ஆன அக்குழந்தைக்கு அதன் தாய் பாலை மறக்கடித்துக் கொண்டிருந்தது தெரிய வந்தது. உள்ளம் பதைத்த கலீபா, பிறந்த அன்று முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவி உண்டு என்று மறுநாள் அறிவித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

நல்ல நோக்கத்துடன் வகுக்கப்பட்ட திட்டமே தாயின் கையைத் தவறான பக்கம் திருப்பிவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

எங்கள் ஊர் பீடித் தொழிலால் பிழைக்கும் ஊர். என் இளமையில் தெருவின் இரு மருங்கிலும் திண்ணைதோறும் பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியால்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆயினும், குழந்தை இருக்க வேண்டிய மடியில் தட்டு இருந்தது. குழந்தை பக்கத்துப் பாயில் கிடந்து, புகையிலைத் தூளின் நெடியைச் சுவாசித்துக்கொண்டு, தாயின் முகம் தன் பக்கம் திரும்பாதா என்று பார்த்துக் கிடக்கும்.

அந்தப் பார்வைக்கு விடை கிடைப்பதும் கிடைக்காததும் வாழ்நாள் முழுவதும் தொடரும் செய்தி என்பதை ஜமைக்கா நாட்டு ஆய்வொன்று காட்டியது. 1986-87 ஆம் ஆண்டுகளில் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்கிரிகர் குழுவினர் நான்கு பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவுக்குச் சத்துப் பால்மாவு. இன்னொன்றுக்கு, வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு இரண்டுமில்லை. இரண்டாண்டுகளே இது நடந்தது. விளையாட்டுப் பொருள்கள், வீட்டில் கழித்துப் போட்ட டப்பாக்களாலும் துணிகளாலும் செய்யப்பட்டவை. இருபதாண்டுகளுக்குப் பின், அவ்வாறு பேசி விளையாடி வளர்க்கப்பட்டோரின் வருவாய், அது கிட்டாதோரைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நிலைத்த பலன் காணப்படவில்லை.

இதனால் உணவு வேண்டாம் என்று ஆகிவிடாது. பசித்த பிள்ளைக்கு விளையாட்டேது? தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்குச் சத்துணவு கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில், குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. இவையெல்லாம் தேவையானவை. ஆயினும், காசும் கஞ்சியும் வந்த வீட்டில் தாய்க்கு நேரமும் வர வேண்டும்.

நம் ஜமாஅத்துகள் ஜகாத் நிதியிலிருந்து ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுக்கின்றன. மெச்சத்தக்க செயல். ஆனால் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கலாம்: 'உன் கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, அம்மா?' பால்குடிப் பிள்ளை என்றால், இரண்டாண்டுகளுக்கு மாதந்தோறும் ஒரு தொகையைக் கொடுப்போம். இயந்திரம் பிறகு வரட்டும். பாலூட்டும் காலத்தை ஈராண்டு என்று சொன்ன திருமறை, அக்காலத்தில் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்கியது. அந்தத் தந்தை இல்லாத வீட்டில், அல்லது இயலாத வீட்டில், அப்பொறுப்பு ஊருடையது.

தாலாட்டுக்குக் கூலி கிடையாது. ஆனால், அதைப் பாடத் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரேனும் கொடுத்தாக வேண்டும்.