கோபுரச் சாளரத்தில் ஞாயிறு

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் சிதறிக்கிடக்கும் தேங்காய்ச் சில்லுகளைக் கடந்து கோட்டைவாசலுக்குள் நுழைந்தால், மேற்கே பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். ஏழு நிலை, உயரம் ஏறத்தாழ 100 அடி. கேரள மண்ணில் நின்றாலும் அதன் சாயல் பாண்டி நாட்டுக்குரியது என்பதைத் தமிழன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பகலும் இரவும் ஒத்திருக்கும் மார்ச்சு, செப்டம்பர் நாள்களில், அக்கோபுரத்தின் பின்னே சாயும் ஞாயிறு மேல்நிலைச் சாளரத்தில் முதலில் தோன்றி, சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அடுத்தடுத்த சாளரங்களில் இறங்கி வரும்.

கணக்கு எளியது. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம். ஞாயிற்றின் வட்டமோ அரைப் பாகையே. இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே இருப்பதால், அந்நாளில் அது ஏறக்குறைய நெட்டாகவே இறங்கும். கிழக்கு மேற்காக நூல் பிடித்த பெருந்தச்சரின் கை பிசகியிருந்தால் இக்காட்சி இல்லை. திட்டமிட்டே அமைத்தனரா, திசை பிசகாமையின் விளைவா என்று வாதிடுவோர் உளர். என்னளவில் இரண்டாவதே பெரிய பெருமை.

இதைப் படமெடுப்பது எளிதன்று. ஞாயிற்றுக்கு அளவு வைத்தால் கோபுரம் கருநிழலாகும். கோபுரத்துக்கு அளவு வைத்தால் சாளரம் வெளுத்துப் போகும். நம் கண் இரண்டையும் ஒருங்கே ஏற்கும், கேமராவால் இயலாது. என் தந்தையாரின் அக்பா கிளிக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படங்களே. மேகம் விலகுமா என்று காத்து, விலகாவிடில் சுருளை மிச்சப்படுத்தி வீடு திரும்புவார்.

ஒரு செப்டம்பர் மாலை வானம் முழுதும் மூடியிருந்தது. என் தங்கை மகன், கல்லூரி மாணவன், அன்றிரவே ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நடுச்சாளரத்தில் செக்கச்சிவந்த ஞாயிறு! எங்கள் குடியிருப்பின் கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

"மாமா, சூரியன் நிஜமாவே அங்கதானே வரும்? இல்லாததையா வச்சேன்? யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான்.

எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. ஏனெனில் திருத்துதல் புதிதன்று. 1850களில் பிரான்சு நாட்டு குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு ஒரு தகடும் எடுத்து இணைத்து அச்சிட்டார்; நீல ஒளிக்கு மிகையாக இணங்கிய அன்றைய மருந்துப்பூச்சில் வானம் வெளுத்துவிடும் என்பதே காரணம். அமெரிக்கரான ஆன்சல் ஆடம்சு 1941இல் எர்னாண்டசு என்னும் சிற்றூரின்மேல் நிலவெழுந்ததைப் படம்பிடித்து, பின்னாளில் அச்சிடுந்தோறும் வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். அவர் கருக்கிய வானம் தகட்டில் இருந்த வானம். நிலவும் அன்றைய நிலவே. நிழலில் மறைந்த சிற்பத்தைக் கணினியில் வெளிக்கொணர்வதையும் நான் இவ்வகையில்தான் சேர்ப்பேன். 2020இல் ஃபோட்டோஷாப்பில் வானத்தையே மாற்றிவைக்கும் வசதி வந்தது. அது வேறு வகை. (லெ கிரேயை எங்கே வைப்பது என்பதில் எனக்கு இன்றும் தடுமாற்றம் உண்டு.)

இருபதாண்டுக் காலம் பற்றுச்சீட்டுகளோடு பழகிய குமாஸ்தாவின் கண் எனக்கு. தொகை சரியாயிருக்கலாம், செலவும் நியாயமாயிருக்கலாம். ஆனால் தேதி பொய்யானால் சீட்டு செல்லாது. அவன் படத்தின் அடியில் 'செப்டம்பர் 23, மாலை' என்று பொறித்திருந்தான். அன்று அத்தெருவில் குடைபிடித்து நின்றவர்கள் ஏராளம். ஞாயிறு சாளரத்தில் வந்தது என்று அப்படம் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

"ஓவியப் பிரிவில் வை, அல்லது தேதியையாவது எடுத்துவிடு" என்றேன். முகம் சுளித்துச் சென்றவன் பத்து நாள் பேசவில்லை. கண்காட்சிக்கும் படம் வரவில்லை. பிறகு தேதியை மட்டும் நீக்கிப் பெரிதாக அச்சிட்டு, தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். பக்கத்தில் என் தந்தையார் எடுத்த, ஓரம் மங்கிய கோபுரப் படம் ஒன்றும் இருக்கிறது. வருவோர் அனைவரும் முதலில் மருமகன் படத்தைத்தான் பார்க்கிறார்கள்.