லக்கும் குறடும்

சென்ற மழைக்காலத்தில், பங்கு இல்லத் தண்ணீர் மோட்டாரின் வயர் முனையில் உறையிட்ட லக்கினைச் சாதாரணக் குறடால் நசுக்கிப் பொருத்தியவர் வேறெவருமல்லர், நாமே. தளர்ந்த இணைப்பு சூடேறி உறை உருகியது. மறைக்கல்விச் சிறுவர்கள் கைகழுவும் குழாய் அருகில்தான் இருந்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பிறகு ராட்செட் அமைந்த கிரிம்பிங் குறடு வாங்கினோம். விலை சற்று உறுத்தத்தான் செய்தது! முழு அழுத்தம் முடியுமுன் அதன் வாய் திறவாது. கை சோர்ந்தாலும் அரைகுறை வேலைக்கு இடமில்லை. தாடையில் சிவப்பு, நீலம், மஞ்சள் குறிகள் உண்டு. நீல லக்குக்கு 1.5 முதல் 2.5 சதுர மி.மீ. வரையிலான வயர். உறையற்ற லக்குக்குரிய தாடையோ உறையைக் கிழித்துவிடும்.

புது லக்கைப் பொருத்தி வலுவாய் இழுத்தோம், அசையவில்லை. உபதேசியாரிடம் நீட்டினோம். அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.