‘முதல்’ என்று முடியும் விலைப்பட்டியல்

லிட்டில் இந்தியாவில் விலை கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. தேக்கா ஈரச்சந்தையில் முருங்கைக்காயைக் கையில் எடுக்கும்போதே “எவ்வளவுண்ணே?” என்று கேட்டுவிடுகிறோம். பஃப்ளோ ரோட்டில் மல்லிகைச் சரத்துக்கும் அப்படித்தான். டன்லப் ஸ்திரீட் பக்கம் உள்ள சின்ன முடிதிருத்தும் கடைகளில் கேட்கவே வேண்டியதில்லை. முடிவெட்ட இவ்வளவு, சவரத்துக்கு இவ்வளவு என்று கண்ணாடிக் கதவிலேயே ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இரண்டு வெள்ளி வித்தியாசம்கூடப் பெரிய விஷயம். அதனால் கடைக்காரரும் மழுப்புவதில்லை.

குளிரூட்டப்பட்ட சலூனுக்குள் நுழைந்தால்தான் வாய் அடைத்துப்போகிறது.

தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சலூனுக்குப் போனேன். (வானொலியில் முகம் தெரியாதே, உனக்கு எதற்கு அலங்காரம் என்று கேட்காதீர்கள். என் மாமியார் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.) சேவையில் குறை சொல்ல முடியாது. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர். “தண்ணி சூடு போதுமாக்கா?” என்று இரண்டு முறை கேட்டார். நுனி பிளந்த முடியைக் கற்றை கற்றையாக எடுத்துக் காட்டி, எவ்வளவு வெட்டினால் போதும் என்று விளக்கினார். அவசரமே இல்லை.

சுவரில் ‘28 வெள்ளி முதல்’ என்றிருந்தது. உட்காரும் முன்பே மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டேன். “முடியப் பார்த்துத்தான்க்கா சொல்லணும்.” பார்த்த பிறகும் சொல்லவில்லை. பில் 76 வெள்ளி. நீள முடிக்கு 15, அலசி உலர்த்த 18, ‘ட்ரீட்மெண்ட்’ 15. தலையில் ஏதோ தடவியபோது “இது நல்லதுக்கா” என்றார். அதற்குத் தனி விலை என்று யாரும் சொல்லவில்லை.

நீளத்துக்கு ஏற்ப விலை கூடுவது நியாயம்தான், நேரமும் பொருளும் கூடுதலாகச் செலவாகும். ஆனால் என் முடியின் நீளம் நான் கதவைத் திறந்தபோதே தெரிந்ததுதானே!

தவிர்க்க முடியாத கட்டணங்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துச் சொல்லவேண்டும் என்கின்றன, போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகள். 2020 நவம்பரிலிருந்து அவை நடப்பில் உள்ளன. ஜிஎஸ்டியும் அப்படித்தான். பதிவுபெற்ற கடை என்றால் 9 விழுக்காடு வரி, காட்டும் விலையிலேயே அடங்கியிருக்கவேண்டும். பதிவுபெறாத கடை அதை வசூலிக்கவே கூடாது. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ இருக்கிறது.

இன்னொரு கோடியில் கடைத்தொகுதிகளில் உள்ள ஜப்பானிய ‘கியூபி ஹவுஸ்’. இயந்திரத்தில் பணம் செலுத்திச் சீட்டு வாங்கி உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் வெட்டி, முடித்துகளைக் குழாயால் உறிஞ்சி அனுப்பிவிடுவார்கள். விலையில் ஒளிவுமறைவு இல்லை. தலை அலசுவதும் இல்லை. எனக்கு அது போதாது.

முகப்பில் ட்ரீட்மெண்ட் பற்றிக் கேட்டேன். மேலாளர் வாக்குவாதம் செய்யாமல் 15 வெள்ளியைக் கழித்துவிட்டார். முகம் சுருங்கியது அந்தப் பெண்ணுக்குத்தான். அவர் கமிஷனில் கைவைத்துவிட்டேனோ என்னவோ. பத்து வெள்ளியை அவர் கையில் வைத்தேன். வாங்கவில்லை.

“அடுத்த வாட்டி உக்காரும்போதே கணக்கு சொல்லிடறேன்க்கா” என்றார்.